பள்ளி கற்பிக்கும் எழுதாப் பாடம்

தில்லியிலும் கான்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நாம் கேட்டு நகைக்கும் பிழை ஒன்று உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்து ஹிந்திப் பள்ளியில் சேர்ந்த சிறுவன், தாயும் அண்டை வீட்டு மாதரும் பேசுவதைக் கேட்டுப் பழகி, 'நான் போகிறேன்' என்பதற்கு 'மைம் ஜாத்தீ ஹூம்' என்கிறான். பெண்கள் சொல்லும் முறை அது. ஆண் 'ஜாத்தா' என வேண்டும். வகுப்பு சிரிக்கிறது, சிறுவன் நாணித் தலை குனிகிறான். தமிழில் 'போகிறேன்' என்னும் வினை, சொல்பவர் ஆணா பெண்ணா என்று வினவுவதில்லை. ஹிந்தியும் மராத்தியும் வினவுகின்றன. வங்காளத்திலோ 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

சிறுவன் இலக்கணத்தை ஒரு திங்களில் கற்றுவிடுவான். ஆனால் அன்று அவன் வேறொன்றையும் கற்றான்: ஆண் என்றால் இன்னவாறுதான் இருக்க வேண்டும், தவறினால் நாலுபேர் நகைப்பார்கள் என்பதே அது. இப்பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை; தேர்வும் இல்லை. ஆயினும் எல்லாப் பள்ளிகளிலும் இது நாள்தோறும் நடைபெறுகிறது. இந்த எழுதாப் பாடத்தை ஆராய்வது இன்று கல்வித்துறையில் ஒரு தனிக் கிளையாக வளர்ந்துள்ளது. அது எவ்வாறு ஆராய்கிறது, நமக்கு அதனால் ஆவது என்ன என்று காண்போம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உடலின் அமைப்பு ஒன்று. அவ்வுடல் கொண்டவர் இவ்வாறு உடுக்க வேண்டும், இத்தொழில் செய்ய வேண்டும் என்று சமூகம் வகுப்பது மற்றொன்று. இதனைப் பாலினம் என்கிறோம். தன்னை ஆண் என்றோ பெண் என்றோ ஒருவர் உள்ளத்தில் உணர்வது பாலின அடையாளம். யார்பால் அன்பும் நாட்டமும் எழுகின்றன என்பது பாலீர்ப்பு. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதாலேயே பல தவறான எண்ணங்கள் பிறக்கின்றன.

ஆராய்ச்சியின் முதல் வழி, பாடநூலை எண்ணிப் பார்ப்பது. ஒரு வாசகப் புத்தகத்தில் எத்தனை படங்கள், அவற்றில் ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், அடுப்பருகில் இருப்பவர் யார், அலுவலகத்தில் இருப்பவர் யார் என்று பட்டியலிடுகிறார்கள். நம் நாட்டில் இவ்வினா புதிதன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு பாடத்திட்டம் வேண்டுமா என ஆராய 1962-இல் ஹம்சா மேத்தா தலைமையில் ஒரு குழு அமைந்தது. இருவருக்கும் பொதுப் பாடமே தகும் என்பது அதன் கருத்து. இந்த அம்மையாரே 1948-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் உருவானபோது, 'ஆடவர் அனைவரும்' எனப் பொருள்படும் தொடரை 'மானிடர் அனைவரும்' என மாற்றச் செய்தவர். ஒரு சொல்லின் ஆற்றலை அவர் அறிந்திருந்தார். 2024-இல் கேரளம் வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூல் ஒன்றில், சமையலறையில் தந்தை தேங்காய் துருவும் படம் இடம்பெற்றது. சிறு படந்தான், ஆயினும் அதைக் காணும் குழந்தை, சமையல் தாய்க்கு மட்டுமே உரியதென்று எண்ணாது.

இரண்டாம் வழி, வகுப்பின் பின் வரிசையில் அமர்ந்து உற்று நோக்குவது. கடினமான கணக்கை ஆசிரியர் யாரிடம் கேட்கிறார்? பெஞ்சைத் தூக்க யாரை அழைக்கிறார், தரையைக் கூட்ட யாரை அழைக்கிறார்? அழும் சிறுவனிடம் 'பெண்பிள்ளை போல் அழாதே' என்கிறாரா? ஆய்வாளர் இவற்றைத் தீர்ப்புக் கூறாமல் குறித்துக்கொள்கிறார். நல்லெண்ணமுள்ள ஆசிரியரும் தாம் அறியாமலே செய்பவை இவை.

மூன்றாம் வழிதான் கடினமானது. அது மாணவரின் வாய்மொழியைக் கேட்பது. யுனெஸ்கோ நிறுவனம் சென்னையிலுள்ள சகோதரன் அமைப்புடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பாலினத்தாலோ பாலீர்ப்பாலோ சிறுபான்மையரான தமிழ்நாட்டு இளைஞர்களிடம் அவர்தம் பள்ளி நாட்களைப் பற்றி அது கேட்டது. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகக் கூறியோர் நூற்றுக்கு 60 பேர். பள்ளி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களோ நூற்றுக்கு 18 பேர்தாம். முறையிட்டால் செய்தி வீட்டுக்குச் சென்றுவிடுமே என்று அஞ்சும் பிள்ளை யாரிடம் வாய் திறக்கும்? இறுதியில் அது பள்ளியை விட்டே நீங்குகிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத பிறர் எனப் பதிவானோர் 4,87,803 பேர். அவர்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 56; நாட்டு மக்கள் அனைவரிலும் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 73. ஆண், பெண் என்னும் இருவகையுள் அடங்காதாரையும் உயர்திணை வினை கொண்டே முடிக்க வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்தது. நம் பள்ளிகள் அவர்களுக்கு அந்த மதிப்பை அளித்தன என்று கூறுவதற்கில்லை.

இத்தகைய ஆய்வில் ஓர் அறமும் உண்டு. குழந்தை நம்பிக் கூறியது வெளிப்பட்டால் அதன் வாழ்வே குலையக்கூடும். ஆகவே பெயரும் பள்ளியும் மறைக்கப்பட வேண்டும், விருப்பமில்லாதவரை வற்புறுத்தலாகாது. வளர்ந்தவர்களிடம் கடந்த காலத்தைக் கேட்கும் முறை இதனால்தான் பெரிதும் கையாளப்படுகிறது.

சட்டமும் நகர்ந்துள்ளது. மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-இல் ஏற்றது; ஒருபால் அன்பு குற்றமன்று என 2018 செப்டம்பர் 6-இல் தீர்ப்பளித்தது. எனினும் பாதை நேரானதன்று. திருநங்கை, திருநம்பிக் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றித் தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழு 2021-இல் ஆசிரியர்களுக்காக வெளியிட்ட கையேடு, எதிர்ப்பு எழுந்ததும் அதன் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. நம் உச்சரிப்பைக் கேட்டுப் பிறர் நகைத்ததை நாம் மறந்துவிடவில்லை. அந்நாளில் நமக்கு ஆறுதல் தந்தது எது? வீடு திரும்பினால் நம் மொழி இருந்தது. நம்மைப் போன்றவர்கள் இருந்தார்கள். நடையாலோ குரலாலோ நகைக்கப்படும் குழந்தைக்குச் சில சமயம் அந்த வீடும் இல்லாமற் போகிறது. சுற்றத்தார் தொலைவில் இருக்க, தாத்தா பாட்டியின் மடியும் அருகில் இல்லாத அக்குழந்தைக்கு நாமே கதி.

ஆகவே மாலையில் மதிப்பெண்ணை மட்டும் விசாரியாமல், 'உன் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள்? யாரையாவது கேலி செய்கிறார்களா?' என்றும் கேட்போம். பாடநூலை ஒருமுறை நாமே புரட்டிப் படங்களை எண்ணிப் பார்ப்போம். குழந்தை ஏதேனும் கூறினால் வியப்போ சினமோ காட்டாது முழுதும் கேட்போம். துன்பம் மிகுந்தால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் நாடெங்கும் உண்டு.

அடுத்த முறை நம் சிறுவன் 'ஜாத்தீ ஹூம்' என்று கூறினால், நகையாமல் திருத்துவோம். பிழையைத் திருத்துவது வேறு, பிள்ளையை நாணச் செய்வது வேறு என்பதை அவன் நம்மிடமே கற்கட்டும்.