இணைய முகவரி மாறும்போது: திருப்பதி, சித்தூர் எடுத்துக்காட்டுகளுடன் ஒரு விளக்கம்

வீடு மாறிப் போகிறவர் தபால் ஆபீசில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால், பழைய விலாசத்துக்கு வரும் கடிதங்களைப் புது விலாசத்துக்கு அனுப்பி வைப்பார்கள். இணையத்திலும் இதே ஏற்பாடு உண்டு. ஒரு டொமைன் பெயரைத் தேடி வருபவரை இன்னொரு டொமைனுக்குத் திருப்பி அனுப்புவதை ரீடைரக்ட் என்கிறார்கள். ஒரு வித்தியாசம்: இங்கே தபால்காரர் வேலையையும் நாமேதான் பார்க்க வேண்டும்.

நமக்கெல்லாம் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு திருமலை. வெளி மாநிலத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே தரிசன டிக்கெட் கிடைக்குமா என்று இணையத்தில் பார்த்துவிடுகின்றன. தேவஸ்தானத்தின் முன்பதிவுத் தளம் முதலில் 'டிடிடி சேவா ஆன்லைன் டாட் காம்' என்றிருந்தது. 2020-இல் 'திருப்பதிபாலாஜி டாட் ஏபி டாட் கவ் டாட் இன்' ஆயிற்று. அதன் பிறகு 'டிடிதேவஸ்தானம்ஸ் டாட் ஏபி டாட் கவ் டாட் இன்' என்று மாறியது. ஒரே வாசலுக்கு மூன்று பெயர்கள்! வீட்டுப் பெரியவரின் டைரியில் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் முதல் பெயராகத்தான் இருக்கும்.

டாட் காமிலிருந்து டாட் கவ் டாட் இன்னுக்குப் போனது நல்ல காரியம் என்பேன். டாட் காம் பெயரைச் சில நூறு ரூபாய் கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். டாட் கவ் டாட் இன் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஆனால் ஏமாற்றுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 2023 ஏப்ரலில் தேவஸ்தானம் போலீசில் புகார் செய்த போலித் தளம் 41-ஆவது என்று செய்தி வந்தது. அதன் பெயர் அசல் பெயரைப் போலவே இருந்தது. புள்ளி இருக்க வேண்டிய இடங்களில் சிறு கோடு, கடைசியில் டாட் ஆர்க். அவ்வளவுதான் வேறுபாடு. டொமைன் பெயரை வலப்பக்கக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கடைசியில் டாட் கவ் டாட் இன் இருந்தால் அது அரசுத் தளம். நடுவில் 'கவ்' என்று எழுதி டாட் ஆர்க் என்று முடித்தால் அது எவரோ ஒருவர் வாங்கிய பெயர்.

போலிப் பெயரைப் புதிதாக வாங்குகிறவனை விட, நாம் கைவிட்ட பழைய பெயரை வாங்குகிறவன் இன்னும் ஆபத்தானவன். பழைய பெயரைத்தான் ஜனங்கள் ஏற்கெனவே நம்புகிறார்களே! டாட் காம், டாட் ஆர்க் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால், பதிவு நிறுவனம் தரும் சலுகை நாட்கள் போக, 30 நாள் மீட்புக் காலம், பிறகு 5 நாள் காத்திருப்பு. அதோடு பெயர் சந்தைக்கு வந்துவிடும். ஆகவே புதுப் பெயருக்கு மாறினாலும் பழைய பெயருக்கான பணத்தைப் பல ஆண்டுகள் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "அதான் புது சைட் வந்தாச்சே, பழசுக்கு எதுக்குங்க தண்டச் செலவு?" என்று பொருளாளர் கேட்பார். ரீடைரக்ட் பழைய பெயரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அது போனால் இதுவும் போகும் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

இனி இது வேலை செய்யும் விதம். பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது சர்வர் ஓர் எண்ணோடு பதில் சொல்கிறது. 301 என்றால் 'நிரந்தரமாகக் குடி மாறிவிட்டோம், இதோ புது முகவரி'. 302 என்றால் 'தற்காலிகமாக அங்கே இருக்கிறோம், மறுபடி இங்கேயே வாருங்கள்'. பெயரே மாறும்போது 301-தான் சரி. கூகுள் போன்ற தேடுபொறிகள் பழைய பக்கத்துக்கு இருந்த மதிப்பைப் புதுப் பக்கத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ள இது உதவுகிறது. குறைந்தது ஓராண்டாவது இதை விட்டுவைக்கும்படி கூகுளே சொல்கிறது.

பெயர் முழுதாக மாறாமல் சில பக்கங்கள் மட்டும் இடம் மாறுவதும் உண்டு. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் உண்டாயிற்று. நெல்லூரிலிருந்தும் ஒரு பகுதி சேர்ந்தது. ஸ்ரீகாளஹஸ்தி திருப்பதியோடு போயிற்று; சித்தூர் நகரம், குப்பம், பலமநேர் பழைய மாவட்டத்திலேயே நின்றன. இரண்டு மாவட்டங்களுக்கும் தனித்தனித் தளங்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட பிரிவினையில் சித்தூர்த் தளம் முழுவதையும் திருப்பிவிட்டால் பலமநேர்க்காரர் பாடு என்ன ஆவது? ஸ்ரீகாளஹஸ்தி பற்றிய பக்கம் ஒன்று இருந்தால் அதை மட்டும் புதுத் தளத்தின் அதே பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். முகப்பையும் மற்றவற்றையும் தொடக்கூடாது.

முழுத் தளம் மாறும்போதும் பக்கத்துக்குப் பக்கம் இணைப்பதே முறை. பழைய பக்கங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே புது முகவரியைக் குறித்துக்கொண்ட பிறகே சர்வரில் கை வைக்க வேண்டும். எல்லோரையும் முகப்பில் கொண்டுபோய் நிறுத்துவது, உறவினர் வீட்டைக் கேட்டவரை ஊர் எல்லையில் இறக்கிவிடுவது போல. மூன்று பெயர்கள் மாறிய தளமென்றால் முதல் பெயரிலிருந்தும் இரண்டாவதிலிருந்தும் நேராக மூன்றாவதற்கே அனுப்ப வேண்டும். தொடர்வண்டி போலக் கோத்தால் நடுவில் ஒன்று அறுந்தாலும் வழி அடைபடும். பழைய பெயருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையேல் புது வீட்டுக்குப் போகுமுன்பே பிரவுசர் எச்சரிக்கை காட்டிப் பயமுறுத்திவிடும்.

ரீடைரக்ட் பக்கங்களைத்தான் திருப்பும், மின்னஞ்சலைத் திருப்பாது. பழைய பெயரில் அஞ்சல் முகவரி இருந்தால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். நம் சங்கங்களில் இது முக்கியம். தளத்தை ஆரம்பித்த இளைஞர் தம் சொந்த மின்னஞ்சலில் பெயரைப் பதிவு செய்திருப்பார். வேலை மாறி வேறு நாட்டுக்குப் போயிருப்பார். கட்டண நினைவூட்டல் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்துகொண்டிருக்கும். அடுத்த செயற்குழுவில் ஒரு தீர்மானம் போட்டு, பதிவைச் சங்கத்தின் பெயருக்கும் சங்கத்தின் அஞ்சலுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். கடவுச்சொல் செயலாளர், பொருளாளர் இருவரிடமும் இருக்கட்டும்.