மான் வாழும் வெளி

மானினங்களுக்குத் தமிழில் பெயர்கள் பல. இரலை, புல்வாய், உழை எனப் பழந்தமிழர் அவற்றைப் பிரித்து வழங்கினர். 'புல்வாய்' தொல்காப்பிய மரபியலிலேயே இடம்பெறுகிறது. இன்று வெளிமான் எனப்படும் விலங்கின் பெயரோ அதன் வாழிடத்தையே சொல்லிவிடுகிறது. குட்டைப்புல் பரந்த திறந்தவெளியே அதற்குரியது. பகையைத் தொலைவிலேயே கண்டு ஓடித் தப்புவது அதன் இயல்பு. புள்ளிமான் அவ்வாறன்று; நிழலும் நீரும் அருகருகே அமைந்த காட்டின் விளிம்பையே நாடும்.

ஆகவே மானுக்காக எங்கும் மரம் நடுவது பொருந்தாது. வெளிமானைக் காப்பதற்காக 1967ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கோடியக்கரைச் சரணாலயத்தில் அதன் புல்வெளியைச் சீமைக்கருவேலம் ஆக்கிரமித்தது. இதில் ஒரு முரண் உண்டு. அம்மரத்தின் இனிப்பான காய்களைத் தின்னும் வெளிமான்கள் சாணத்தின் வழியே அதன் விதைகளையும் பரப்புகின்றன. தம் மேய்ச்சல் நிலத்தை மூடும் மரத்தைத் தாமே விதைக்கின்றன! வெட்டினால் அது அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேரோடு அகற்றுவதே வழி.

நிலம் சிறிதாயினும் பயன் உண்டா? 1978இல் தேசியப் பூங்காவான சென்னைக் கிண்டியின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரே. அங்கு வெளிமான்கள் பெரிதும் நம்பியிருந்தது ஆளுநர் மாளிகை வளாகத்துப் போலோ திடலின் புல்லை. ஒரு திடல் ஒரு மந்தையைத் தாங்கியது.

விழுப்புரம் மாவட்டத்து முகையூர் போன்ற ஊர்களில் நிலம் சிறு சிறு துண்டுகளாகவே உள்ளது. மானைப் பிடித்து வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது. காட்டை ஒட்டிய தரிசைச் சீர்படுத்தலாம். வரப்பு உயர்த்தி மழைநீரைத் தேக்கினால் புல் தானே எழும். முழுவதையும் ஒரே சமயத்தில் அறுத்தல் தவறு. ஈன்ற குட்டியை உயர்ந்த புல்லுக்குள் கிடத்திவிட்டுத் தாய் அப்பால் மேயும். ஆகவே பாதியை அறுத்து மறுபாதியை விட்டுவைப்பது நன்று.

இடர் வேறோரிடத்தில் உள்ளது. இப்பகுதியினர் மலாட்டை என வழங்கும் நிலக்கடலையும் மானுக்கு உணவே. ஒரே இரவில் விளைச்சலை இழந்த உழவரிடம் மானின் அழகைப் பேசிப் பயனில்லை. எனவே புல்லும் நீர்த்தொட்டியும் காட்டின் பக்கமே அமைய வேண்டும். வயலுக்கும் அதற்கும் இடையே கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி வளர்க்கலாம். முள்கம்பியில் மான் சிக்கிக் காயமுறும். கிளுவையில் அந்த அச்சம் குறைவு.

கோடையில் நீர் தேடி வரும் மான் நாய்களுக்கு அஞ்சி ஓடுகையில் திறந்த கிணற்றில் வீழ்வதும் உண்டு. தரையோடு தரையாக உள்ள கிணற்றுக்கு இடுப்பளவு சுற்றுச்சுவர் எழுப்ப ஏக்கர்க்கணக்கில் நிலம் தேவையில்லை. அச்சுவர் மானோடு, மேய்ச்சலுக்கு வரும் ஆட்டையும் விளையாட வரும் குழந்தையையும் காக்கும்.