பாரவண்டிச் சங்கிலியும் அதன் இறுக்கியும்

பக்கச் சுவர்களில்லாத தட்டைமேடை லாரியில் புல்டோசர் ஒன்றை ஏற்றிவிட்டால், அதன் பெருங்கனமே அதனை அசையாது நிறுத்தும் என்று பலர் எண்ணுவர். இவ்வெண்ணம் பிழையாம். வண்டி திடீரென நிற்குங்கால், அதன்மேலுள்ள பாரம் முன்னைய வேகத்தோடே செல்ல முயலும். கனம் மிகுந்தோறும் அம்முயற்சியும் மிகும். அப்பாரத்திற்கும் முன்னிருக்கும் சாரதியின் முதுகிற்கும் இடையே காவலாக நிற்பவை பெரும்பாலும் சில சங்கிலிகளே.

இத்துறையில் விரிவான விதிகள் வகுத்துள்ள அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பாரங் கட்டுதற்குப் பெரிதும் வழங்குவது 70ஆம் தரச் சங்கிலி. 3/8 அங்குலச் சங்கிலியின் வேலைப்பார வரம்பு 6,600 இராத்தல். அரை அங்குலத்ததற்கு 11,300 இராத்தல். அறுந்துபோகும் அளவு இவற்றினும் ஏறக்குறைய நான்கு மடங்காயினும், அம்மிகுதியை நம்பிப் பாரம் ஏற்றலாகாது; அது வழியில் நேரும் அதிர்ச்சிகளுக்கென விடப்பட்டது.

40,000 இராத்தல் நிறையுள்ள புல்டோசரை நான்கு மூலைகளிலும் நான்கு சங்கிலிகளாற் பிணிப்பதாகக் கொள்வோம். கட்டுகளின் மொத்த வரம்பு பாரத்திற் பாதியேனும், அதாவது 20,000 இராத்தலேனும், இருத்தல் வேண்டும். யந்திரத்தினின்று வண்டிக்கு நேரே செல்லும் சங்கிலிக்கோ அதன் வரம்பிற் பாதியே கணக்கில் ஏறும். எனவே 3/8 அங்குலச் சங்கிலிகள் நான்கும் சேர்ந்து 13,200 இராத்தலே தரும், போதா. அரை அங்குலத்தனவோ 22,600 தரும். கண்ணுக்குத் தோன்றும் வேற்றுமை அங்குலத்தில் எட்டிலொரு பங்கே! சங்கிலி வலியதாயினும் இறுக்கி மெலியதாயின், மெலியதன் வரம்பே அக்கட்டின் வரம்பாகும்.

இறுக்கி இரு வகைப்படும். நெம்புகோல் இறுக்கியில், நீண்ட கைப்பிடியை இழுத்து நடுநிலை கடக்கச் செய்தால் அது தானே பூட்டிக்கொள்ளும். விலை குறைவு, வேலையும் விரைவு. ஆனால் சங்கிலியின் இழுவிசை முழுதும் அதனுட் பதுங்கியிருத்தலின், விடுவிக்குங்கால் கைப்பிடி மின்னலெனத் துள்ளிப் பல்லையும் தாடையையும் தாக்கக்கூடும். பிடியில் இரும்புக்குழாயைச் செருகி நீளங்கூட்டுவோர் அவ்வபாயத்தையே பெருக்குகின்றனர். பற்சக்கர இறுக்கியோ இருபுறமும் திருகாணி உடையது. சிறிது சிறிதாக இறுக்கிச் சிறிது சிறிதாகவே தளர்த்தும். காலம் சற்று மிகுதியாகச் செல்லும் என்பதொன்றே அதன் குறை. கனத்த யந்திரங்களுக்கு இதனையே கொள்ளுதல் தகுதி என்பது எம் துணிபு.

நெம்புகோலையே கையாள நேரின், பாரத்தின்மேல் ஏறாது தரையில் நின்று இழுத்து, பூட்டியபின் கைப்பிடியைக் கம்பியாற் கட்டிவைத்தல் நன்று. விடுவிக்கையில் பிடி துள்ளும் வழியினின்றும் முகத்தை விலக்கி நிற்றல் வேண்டும். சங்கிலியை முடிச்சிடுதல் எவ்வாற்றானும் கூடாது.

வண்டி ஓடுகையில் பாரம் சிறிது அமர்ந்து, சங்கிலி தளர்தல் இயல்பு. ஆதலின் முதல் 50 மைலுக்குள் ஒருமுறையும், பின்னர் 150 மைலுக்கோ 3 மணி நேரத்திற்கோ, எது முந்துமோ அப்பொழுதும், சாரதி இறங்கிச் சோதித்து, தளர்ந்தவற்றை இறுக்குதல் அந்நாட்டு விதி.