அரைஞாண் கயிற்றைத் தூக்கிப் பாருங்கள்

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில், வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காய்ச்சல் பிள்ளையைத் தூக்கி வருபவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கும். "பிளேட்லெட் எறங்கிடுச்சு டாக்டரம்மா, டெங்குதானே?" என்பார்கள். இருக்கலாம். ஆனால் பிளேட்லெட் குறைவது டெங்குவுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த விஷயம் இல்லை. ஐந்து நாள் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை என்றால் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, "துணியெல்லாம் கழட்டும்மா" என்பேன்.

தேடுவது ஒரு பொருக்கை. அக்குள், தொடையிடுக்கு, காது மடலின் பின்புறம், விரைப்பை, பிட்டத்தின் மடிப்பு. அரைஞாண் கயிறு அழுந்தும் இடத்தையும் விடக்கூடாது. கயிற்றைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்து, சுற்றிலும் சிவந்திருக்கும். ஈரம் நிற்கும் மடிப்புகளில் பொருக்கு உதிர்ந்து, வெளிறிய சின்னப் புண்ணாக மட்டும் தெரியும். வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. அதனால் பிள்ளை சொல்லாது. தினமும் குளிப்பாட்டும் அம்மாவே கவனித்திருக்க மாட்டார். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

இது ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. மாட்டின்மேல் பார்க்கிறோமே, அந்த உண்ணி இல்லை. புதரில் இருக்கும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஆறு கால் குஞ்சுப் பூச்சி. எலியைப் பிடிக்க வேண்டியது, வரப்பில் விளையாடும் பிள்ளையைப் பிடித்துவிடுகிறது. கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். கிருமி ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் புகுந்து பெருகுவதால், விட்டால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று எங்கும் கை வைக்கும். மூச்சுத் திணறி, வலிப்பு வந்து, நினைவு தப்பி வரும் பிள்ளைகளும் உண்டு.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது, இதற்கு மருந்து சல்லிசு என்பதால்தான். டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இதில் பலிக்காது. டாக்சிசைக்ளின் கொடுத்தால் சின்னப் பிள்ளைக்குப் பல் கறை படியும் என்பது பழைய டெட்ராசைக்ளின் காலத்துப் பயம். சில நாள் சிகிச்சைக்கு அந்தப் பயம் வேண்டாம். முற்றிய நோயில் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் பலன் கூடுதல் என்று, வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடந்தது.

ரத்தத்தில் செய்யும் ஐஜிஎம் எலைசா பரிசோதனை முதல் வாரத்தில் நெகட்டிவாக வரலாம். பொருக்கைக் கண்டால் நான் முடிவுக்குக் காத்திருப்பதில்லை. பொருக்கே இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும் என்பதுதான் தொல்லை. மருந்து சரியாக அமைந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் விடும். விடாவிட்டால் வேறு காரணம் தேடுவோம்.

டெங்குவில் கதை வேறு. அங்கே காய்ச்சல் விடும்போதுதான் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, சில்லிட்ட கைகால், சிறுநீர் குறைவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிதான். ஆஸ்பிரின், ஐப்யூபுரூஃபென், மெஃபனமிக் ஆசிட் வேண்டாம். பாராசிட்டமால் போதும், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. பத்துக் கிலோ பிள்ளைக்கு 125 சிரப்பில் 6 மில்லி. 250 சிரப்பில் 3 மில்லிதான். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சிரப்பெல்லாம் வேண்டாம், உடனே தூக்கி வாருங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், பல்லிடுக்கில் கரண்டியும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.