மஃரிபுக்குப் பின் நடுங்கும் வானம்



நான் சிறுவனாக இருந்த காலத்தில், இராச் சாப்பாடு முடிந்ததும் வாப்பா சிற்றலையில் பீ.பீ.சி. தமிழோசை கேட்பார். குரல் தெளிவாக வரும். திடீரெனக் கிணற்றுக்குள் விழுந்தது போல் அமுங்கும். பிறகு மிதந்து வரும். உம்மா வானொலிப் பெட்டியைத்தான் குறை சொல்வார். பாவம், பெட்டியில் பிழை இருக்கவில்லை. காரணம் நம் தலைக்கு மேலே இருந்தது.

சுமார் 80 கிலோமீற்றர் உயரத்திலிருந்து 1000 கிலோமீற்றர் வரை பரந்திருப்பது அயன மண்டலம். சூரியனின் புறஊதாக் கதிர்கள் அங்குள்ள மெல்லிய காற்றிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடுகின்றன. அந்த இலத்திரன்களே சிற்றலையைத் திருப்பிப் பூமிக்கு அனுப்புபவை. கடல் கடந்த குரல் நம் வீட்டுக்கு வந்தது அவற்றின் தயவால்தான்.

செய்மதியின் கதை வேறு. 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜீ.பீ.எஸ். செய்மதியின் அலை இந்த மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு இறங்க வேண்டும். வழியில் சற்றுத் தாமதிக்கும். ஒரு வினாடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு தாமதித்தாலே கணக்கு 3 மீற்றர் பிழைத்துவிடும். ஆயினும் இரண்டு அதிர்வெண்களை ஒப்பிட்டு இந்தத் தாமதத்தைக் கண்டு கழித்துவிடலாம்.

கழிக்க முடியாதது நடுக்கம். பூமியின் காந்த மத்தியகோடு தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மேலாகவே செல்கிறது. 1963இல் இந்தியா ரொக்கெட் ஏவ தும்பாவைத் தெரிவு செய்ததும் இதனால்தான். இந்தக் கோட்டை அண்டிய வானில், மஃரிபுக்குப் பின் அயன மண்டலத்தின் அடிப்பகுதி விரைவில் வெறுமையாகிவிடும். மேற்பகுதி அடர்த்தியாகவே நிற்கும். சோற்றுப் பானையின் அடியிலிருந்து கொப்புளம் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியே அந்த வெறுமை குமிழிகளாக மேலெழும். அவற்றினூடே வரும் அலை, எரியும் அடுப்பின் மேலாகத் தெரியும் சுவரைப் போல நடுங்கும். சூரியனில் கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், மார்ச், செப்டெம்பர் மாதங்களை ஒட்டி, இது அதிகம்.

குமிழிகள் சில வேளை வடக்கே வெகு தூரம் நீளும். 2002 மார்ச் 4இல் ஆப்கானிஸ்தானின் தாக்குர் கார் மலையில் சண்டை. உச்சியில் எதிரிகள் நிற்கிறார்கள், அங்கே இறங்க வேண்டாம் என்று அமெரிக்க மீட்பு ஹெலிகொப்டருக்குச் செய்மதி வானொலியில் எச்சரித்தார்கள். செய்தி போய்ச் சேரவில்லை. ஹெலிகொப்டர் அங்கேயே இறங்கியது. அன்றைய சண்டையில் 7 அமெரிக்கப் படையினர் மாண்டனர். அந்த யுத்தத்தின் நியாய அநியாயம் வேறு பேச்சு. மலைகளே அலையை மறைத்தன என்றுதான் நினைத்திருந்தார்கள். 2014இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாசா செய்மதி ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்து, அவ்வேளை அங்கே குமிழி இருந்ததென்றும் அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றும் காட்டினார்கள்.

உங்கள் கைத்தொலைபேசியில் இதைப் பெரும்பாலும் உணரமாட்டீர்கள். அது அருகிலுள்ள கோபுரங்களின் உதவியையும் பெறுகிறது. ஆழ்கடலில் நிற்கும் படகுக்கு அந்த உதவி இல்லை.