3-ம் வகுப்பு படித்தவர் மேல்சபைத் தலைவர் ஆனார்!

காக்களூரில் இருந்து திருத்தணி முருகனைக் கும்பிடப் போகிறவர்கள் இன்று மாநில எல்லையைத் தாண்டுவது இல்லை. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது திருத்தணியும் அதனோடு போய்விட்டது!

அதை மீட்க, ஊரில் மங்கலங்கிழார் என்ற தமிழ் ஆசிரியர் மக்களைத் திரட்டினார். சென்னையில் இருந்து வந்து போராட்டத்தை நடத்தியவர் ம.பொ.சிவஞானம். சிறைக்கும் போனார். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. திருப்பதி கிடைக்கவில்லை.

ம.பொ.சி. பள்ளியில் படித்தது 3-ம் வகுப்பு வரைதான். வறுமை! அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தார். அவர் எழுதிய வள்ளலார் நூலுக்கு 1966-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது.

தி.மு.க.வைக் கடுமையாகத் தாக்கிப் பேசி வந்தவர், 1967-ல் அதே கட்சியின் ஆதரவோடு தியாகராயநகரில் வென்றார். அரசியலில் இதெல்லாம் உண்டு!

1978-ல் மேல்சபைத் தலைவர் ஆனார். 1986-ல் மேல்சபையே கலைக்கப்பட்டது. அதன் கடைசித் தலைவர் அவர்தான்.