குதிக்காதே, கயிற்றை எறி!

திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாய்க் கரை. ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேரிடர் மீட்புப் பயிற்சியின் முதல் நாள் அது.

பயிற்சியாளர் கேட்டார்: "தண்ணீரில் ஒருவர் தத்தளிக்கிறார். என்ன செய்வீர்கள்?"

"குதித்துக் காப்பாற்றுவோம் சார்!"

"அப்படியானால் நான் இரண்டு பேரைத் தேட வேண்டியிருக்கும்" என்றார் அவர்.

மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருப் பையன் ஒருவன், கிணற்றில் விழுந்த நண்பனைக் காப்பாற்றக் குதித்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவன்தான். இருவருமே உயிருடன் மேலே வரவில்லை. மூழ்குகிறவர் கையில் கிடைத்ததை இறுகப் பற்றிக்கொள்வார். கிடைத்தது மனிதன் என்றால் அவனும் மூழ்குவான். ஆகவே முதலில் கம்பையோ துண்டையோ நீட்டு. எட்டாவிட்டால் கயிற்றை எறி. அதுவும் முடியாவிட்டால் படகு. நீரில் இறங்குவது கடைசி வழி. அதுவும் பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே.

முழங்கால் நீர்தானே?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அதாவது ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்திலும் 950 லிட்டர் நீர்! ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள்.

அத்தகைய வெள்ளத்தில் முழங்கால் அளவு நீரைக் கடப்பது எளிதா? கணக்கிட்டுப் பார்ப்போம். நீர் மோதும் கால்களின் பரப்பு 0.15 சதுர மீட்டர் என்று கொள்வோம். நீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் விசை ஏறத்தாழ 75 நியூட்டன். 7 அல்லது 8 கிலோ எடை தள்ளுவதுபோல. வேகம் 2 மீட்டரானால் விசை இரு மடங்கல்ல, நான்கு மடங்கு: 300 நியூட்டன். 3 மீட்டரானால் 675 நியூட்டன். ஏறக்குறைய ஓர் ஆளின் எடை! விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. போதாததற்கு, நீரின் மிதப்பு விசை நம் எடையைக் குறைத்து, பாதத்தின் பிடிமானத்தையும் தளர்த்திவிடுகிறது.

குடம் தரும் உயிர்

எறிவதற்கு மிதவை இல்லையா? சமையலறையைப் பாருங்கள். மூடிய 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தை முழுவதும் அமுக்கினால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அது 15 கிலோ நீரை ஒதுக்கும். குடத்தின் சொற்ப எடை போக மீதி எல்லாம் தூக்கும் விசையே. நம் உடல் ஏறக்குறைய நீரின் அடர்த்தி உடையது. தலையை மட்டும் வெளியே வைக்க 5 கிலோ தூக்குவிசையே போதும். ஆகவே கயிற்றில் கட்டிய ஒரு குடம் ஓர் உயிரைத் தாங்கும்.

தூணைச் சுற்றிய கயிறு

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ளக் கூடாது. ஆற்று வேகம் உங்களையும் இழுத்துவிடும். மரத்திலோ தூணிலோ சுற்றுங்கள். உராய்வுக் குணகம் 0.3 என்றால், ஒரு முழுச் சுற்று உங்கள் பிடியை ஆறு மடங்குக்கு மேல் பெருக்கும். இரண்டு சுற்று நாற்பது மடங்குக்கு மேல்! 60 கிலோ இழுப்பை இரண்டு கிலோவுக்கும் குறைந்த பிடியால் தாங்கலாம்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். கிடைமட்டமான குழாய் ஒன்றில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் பாதி நிரம்பிய வாளியைக் கட்டுங்கள். மறுமுனையில் சுருள்வில் தராசை மாட்டிப் பிடியுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தராசு எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் சேரலாம்

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் 'ஆப்த மித்ரா' திட்டத்தைத் தொடங்கியது. ஆபத்துக் கால நண்பன் என்பது பொருள். 18 வயது நிரம்பியவர்களுக்கு அதில் 12 நாள் பயிற்சி தரப்பட்டது: முதலுதவி, கயிற்று முடிச்சுகள், வெள்ள மீட்பு, தீயணைப்பு. உங்களுக்கு வயது போதவில்லையா? என்.சி.சி.யிலோ சாரணர் இயக்கத்திலோ சேர்ந்து முதலுதவியும் முடிச்சுகளும் இப்போதே கற்கலாம். 112 என்ற அவசர எண்ணையும் மனத்தில் பதியுங்கள்.

அன்று மாலை பயிற்சியாளர் அதே கேள்வியை மீண்டும் கேட்டார். ஒருவரும் "குதிப்போம்" என்று சொல்லவில்லை. எல்லோர் கையும் கயிற்றைத் தேடியது.